வாங்க தவசியண்ணே

ரொம்பக் காலத்துக்கு முந்தி, ஊருக்குக் குழாய் வராத நாள்ல, ஆவாரங்குளத்துல தவசின்னு ஒருத்தரு இருந்தாராம். ம் கொட்டிக் கேளுங்க. ம் கொட்டலைன்னா கதை அங்கயே படுத்துக்கிடும்.

தவசிக்குப் பொண்டாட்டி பிள்ளை கிடையாது. அவருக்கு எல்லாமே உழைப்பாளர் கட்சிதான். களை வெட்டப் போனாலும் கக்கத்துல கொடி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் கக்கத்துல கொடி. "ஏ தவசி, ராத்திரி அதையத்தான் போத்திக்கிடுதியா?"ன்னு கேலி பேசுவாகளாம். அவரும் சிரிச்சுக்கிடுவாராம்.

அந்த ஊர்ல தண்ணி ரெண்டு. ஊர்க்கேணித் தண்ணி அப்படி இனிக்கும். கீழத்தெருவுக்கு ஓடைக்குள்ள ஒரு ஊத்து, அது வாயில வைக்க முடியாத உப்பு. கேணி என்னமோ சர்க்காரு வெட்டுனது, எல்லாருக்கும் பொது. ஆனா பெரியவீட்டு வேலப்பரு அதைச் சுத்திக் கம்பிவேலி போட்டு, கதவைப் பூட்டி, சாவியை இடுப்புல சொருகிக்கிட்டாரு. "கீழத்தெரு வாளி இதுக்குள்ள எறங்கப்படாது"ன்னாராம். பாத்துக்கோங்க, அநியாயத்தை!

தவசி விடுவாரா? கீழத்தெருவைத் திரட்டிக்கிட்டுக் குடத்தோட போனாரு. போன எடத்துல பெரியவீட்டு ஆளுக கம்பு சுத்திட்டாக. சீனித்தாய்க்கு மண்டை ஒடஞ்சுபோச்சு. அவ தவசிக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி. அண்ணன் சொல்லுக்கு மறுபேச்சுப் பேசாதவ. ரத்தம் ஒழுக ஒழுக, "எண்ணே, நாளைக்கும் போவோம்"ன்னு சொன்னாளாம்.

இப்படி இருக்கையில தேர்தல் வந்துச்சு. கட்சியோட மாவட்டச் செயலாளர் தவசியைத் தேடி வந்தாரு.

"தோழர், டெல்லியில இருக்கவன் மறுபடி வந்தா சங்கம் வைக்கக்கூட விடமாட்டான். அதனால மாநிலத்துல பெரிய கட்சியோட கூட்டு வச்சாச்சு. இந்தத் தொகுதியை அவுகளுக்கு விட்டுட்டோம்."

"நல்லது தோழர். நிக்கது யாரு?"

செயலாளர் தொண்டையைச் செருமுனாராம். "வேலப்பர்."

"எந்த வேலப்பர்?"

"உங்க ஊர் வேலப்பர்தான் தோழர்."

"அப்ப கேணி?"

"மொதல்ல தேர்தல். கேணி பெறகு."

தவசி யோசிச்சாரு, யோசிச்சாரு. டெல்லிக்காரன் வரப்படாதுங்கது நெசம். கட்சி தப்புப் பண்ணுமா? பண்ணாது. அப்ப நமக்குத்தான் வெளங்கலை போலன்னு மனசைத் தேத்திக்கிட்டு, கொடியை எடுத்துக்கிட்டுக் கீழத்தெருவுல வீடு வீடா ஏறுனாராம். "நம்ம கூட்டணி ஆளுக்கு ஓட்டுப் போடுங்க."

சீனித்தாய் வாசல்ல வந்து நின்னா. தலையில புண்ணு இன்னும் ஆறலை.

"யாருக்கு ஓட்டுக் கேக்க?"

"வேலப்பருக்கு."

"என் மண்டையப் பாத்துச் சொல்லுண்ணே."

அவரால பாக்க முடியலை. "கட்சி சொல்லுது தாயி"ன்னாரு.

"அப்ப கட்சிகூடவே பேசிக்க. இன்னியோட நமக்குள்ள பேச்சில்லை"ன்னு கதவைச் சாத்திட்டா. அவ சாத்தவும் தெருவே சாத்திருச்சு. அதுக்கப்புறம் ஒருத்தரும் அவருக்கு மொகங்குடுக்கலை. எதுக்க வந்தா ஓரமா ஒதுங்கிப் போவாகளாம். பாவம், அந்த மனுசன் என்ன பாடுபட்டிருப்பாரு!

அப்புறம் ஒரு நாள் வேலப்பரு ஜீப்புல ஓட்டுக் கேட்டு வந்தாரு. மைக்கு என்ன, மாலை என்ன, தலைவருக என்ன! தவசி ஒரு சொம்பு நெறைய ஊத்துத் தண்ணி மோந்துக்கிட்டு வந்து ரெண்டு கையாலயும் நீட்டுனாராம். "எங்க தெருவுக்கு வந்துட்டீக. தண்ணி குடிங்கய்யா."

வாங்காட்டா ஓட்டுப் போயிரும். வேலப்பரு வாங்கி வாயில ஊத்துனாரு. ஊத்துன வேகத்துல தூன்னு துப்பிட்டாரு. தெருவே பாத்துச்சு. தவசி மைக்கை வாங்குனாரு.

"ஐயா துப்புன தண்ணியத்தான் நாங்க பச்சப்பிள்ளைக்குப் பொகட்டுதோம். இருந்தாலும் இவருக்கே ஓட்டுப் போடுங்க. கட்சி சொல்லிருச்சு. ஐயா, அந்தச் சாவியக் குடுத்துட்டுக் கேளுங்க!"

வேலப்பரு மொகத்துல ஈயாடலை. அத்தனை பேரு பாக்கையில என்ன பண்ணுவாரு? சாவியை அவுத்து வீசிட்டாரு. சீனித்தாய்தான் பாஞ்சு எடுத்தாளாம். எடுத்தவ ஒரே ஓட்டமா ஓடிக் கதவைத் தெறந்துட்டா.

கீழத்தெருவுக்குத் தலைகால் புரியலை. கேணிக்கரையில ஒரே குலவை. ஆனா தவசிக்கு என்ன நடந்துச்சு தெரியுமா? செயலாளர் வந்து, "கூட்டணி ஆளை எல்லாரு முன்னயும் அவமானப்படுத்திட்டீக. இனி நீங்க கட்சியில இல்லை"ன்னு கொடியை வாங்கிட்டுப் போயிட்டாரு.  தவசி கக்கம் வெறுங்கக்கமாப் போச்சு.

கேணிக்காவது வரலாமில்லே? வரலை. யாராச்சும் ஒருத்தர் "வாங்க"ன்னு சொன்னா வந்துரலாம்னு காத்திருந்தாரு. தெருவும் கூப்பிடத்தான் நெனச்சுது. பேச்சை மொதல்ல அறுத்தவ சீனித்தாய், அவ கூப்பிடட்டும்னு தெரு இருந்துச்சு. மூத்தவரு அவரு, அவரு ஒரு எட்டு வரட்டும், ஓடிப்போயிக் கையப் பிடிச்சுக்கிடுவோம்னு சீனித்தாய் இருந்தா. இப்படியே நாளைக்கு நாளைக்குன்னு வருசம் ஓடிப்போச்சு. டெல்லியில ஆளு மாறுனாக, கோட்டையில ஆளு மாறுனாக. தவசி மட்டும் ஓடைக்குள்ள ஒத்தையில உக்காந்து, தேங்காச் செரட்டையால உப்புத் தண்ணியைக் கோரிக் கோரிக் குடிச்சாராம். கேணிக்கரையில பேசுறது அங்க கேக்குமாம். எல்லார் பேச்சும் கேக்கும். தம்பேரு மட்டும் கேக்காது.

ஒரு கோடையில ஊத்துக்கரையிலயே சாஞ்சு கெடந்தாரு. கையில செரட்டை. சேதி தெரிஞ்சதும் சீனித்தாய் கேணியில கெடந்த வாளியை அப்படியே போட்டுட்டு ஓடினா. மடியில தலையை எடுத்து வச்சுக்கிட்டு, "வாங்கண்ணே, தண்ணி எடுக்க வாங்கண்ணே"ன்னு கத்துனாளாம். உசுரு போனபெறகு கூப்பிட்டு என்ன செய்ய?

அன்னைக்கு வந்த பழக்கந்தான் இது. இப்பக் குழாய் வந்துருச்சு. ஆனாலும் ஆவாரங்குளத்துல கேணியில வாளி விடப்போறவுக, ஊத்துப் பக்கமாத் திரும்பி, "வாங்க தவசியண்ணே, தண்ணி எடுங்க"ன்னு சத்தமாக் கூப்பிடுவாக. கெழவியும் அண்ணேம்பா, பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் அண்ணேங்கும். கூப்பிட்டுட்டுச் செத்த நேரம் நிப்பாக. அப்புறந்தான் வாளி எறங்கும்.