‘தினமும்’ என்று ஒரு டிக்

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் எண்பதுகளிலேயே மண்ணூர்பேட்டையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்தவன். லேத்தில் பொருளைக் கடைந்தவனையே அதன் அளவு சரியா என்று பார்க்க ஒருநாளும் விட்டதில்லை. அப்போது ஒரு சாயங்காலம், ஆவடி பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“எங்க கிளாஸ்ல யாரும் யாரையும் அடிக்கிறதே இல்லியாம்டி. மிஸ் சொல்றாங்க.”

“அப்போ உன் கையில கீற கிள்ளுன தழும்பு?”

“அத்த வுடு. ‘உன்னை எத்தனை முறை அடித்தார்கள்?’னு ஒரு பேப்பர் குட்த்தாங்க. பேரு எழுத வேணாம், டிக் போட்டா போதும். ஆனா வாங்கி அடுக்குனது லீடர் வசந்தா. கிள்றதே அவதான்! ஒவ்வொண்ணா பாத்துகினே வாங்குறா. நான் ‘ஒருமுறைகூட இல்லை’ல டிக் போட்டுட்டேன்.”

“எல்லாருமா அப்டி போட்டீங்க?”

“ஒரே ஒரு பேப்பர்ல மட்டும் ‘தினமும்’னு டிக் இருந்துச்சாம். யாருன்னு மிஸ் கேட்டாங்க. ஒருத்தியும் எந்திரிக்கல.”

“வசந்தா பாத்திருந்தா அத்த மாத்த சொல்லியிருப்பாளே?”

“எங்களோடத எல்லாம் பாத்தா. அவளோடததான் யாரும் பாக்கல...”



“அவள யாருடி அடிக்கிறாங்க? ஊட்லயா?”

“தெர்ல.” கிள்ளு வாங்கியவள் கையைத் தடவிக்கொண்டாள். “நாளைக்கு சாப்பாட்டு பெல்லுல அவ பக்கத்துல உக்காந்து கேக்கப் போறேன்.”

“மறுபடியும் கிள்ளுவாடி.”

“கிள்ளட்டும். அப்பவும் கேப்பேன்.”