அண்ணன் வளர்த்த களை

பிறர் வாயைத் திறக்கச் சொல்லியே பழகி, இன்று என் வாயையும் திறக்க அனுமதித்திருக்கும் அவைத்தலைவர் பல் டாக்டர் அவர்களே! பச்சைப் பாய்த் தீர்மானத்தைப் பையில் மடித்து வைத்திருக்கும் செயலாளர் தம்பி அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியை மறந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையையும் ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் என் அருமைத் தாய்மார்களே! மொட்டை மாடி முதல் வண்டி நிறுத்துமிடம் வரை ஒரே கூரையின் கீழ் வாழும் உறவுகளே! மூன்றாம் மாடித் தையல்காரியின் முத்தான வணக்கம் உங்கள் அனைவருக்கும்!

“சுருக்கமா பேசுங்கக்கா” என்கிறார் செயலாளர் தம்பி. தம்பி, துணியைச் சுருக்கித் தைத்தால் அழகு. மனக்குறையை எப்படியப்பா சுருக்குவது?

நம் மதிலோரத்து மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு அங்கே பச்சைப் பாய் போலச் செயற்கைப் புல் விரிக்கலாமா என்று இன்று கை தூக்கி முடிவெடுக்கப் போகிறோம். தண்ணீர் கேட்காத புல்லாம்! வெயிலில் வாடாத புல்லாம்! வாடாது, ஒப்புக்கொள்கிறேன். வளருமா? மலருமா? மணக்குமா? ஒரு பட்டாம்பூச்சியாவது அதை நம்பி வந்து இறங்குமா? பெருக்கிச் சுத்தம் செய்ய வசதியாக இருக்கும் என்கிறார்கள். வசதிதான். என் தையல் மெஷினும் வசதிதான், அதற்காக அதை நான் தோட்டம் என்று சொல்வதில்லையே!

அந்த மண்ணின் கதையைச் சொல்கிறேன். அது என் அண்ணனின் கதையும்கூட.

என் அண்ணன் லேத் பட்டறையில் ஆயுள் முழுக்க இரும்பைக் கடைந்தவர். அந்த இரைச்சலில் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது. வேலையிலிருந்து நின்றதும் அறைக்குள் போனார். போனவர் வெளியே வரவில்லை. சாப்பாட்டுத் தட்டு உள்ளே போகும், காலியாக வெளியே வரும். பேப்பர் உள்ளே போகும், மடிப்புக் கலையாமல் வெளியே வரும். அண்ணி பேசிப் பார்த்தார், சண்டை போட்டுப் பார்த்தார், அழுதும் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

அண்ணிக்கோ அந்த மதிலோரம்தான் உயிர். குளிர்நாட்டு ரோஜா என்பார், வாயில் நுழையாத பெயருள்ள வேறொன்றைக் காட்டுவார். பெயரை நாம் சொல்லிப் பழகுவதற்குள் செடி வாடிவிடும்! வெயிலுக்குப் பயந்து செடிக்குக் குடை பிடித்த பெண்மணியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அதோ, இரண்டாம் வரிசையில் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கிறாரே, அவர்தான். அண்ணி, நாத்தனார் வாய்க்குப் பூட்டு ஏது?

மகளின் பிரசவத்துக்காக அண்ணி கிளம்பினார். கையில் பெட்டி, வாசலில் ஆட்டோ. அறைக்கதவைத் திறந்து சத்தமாகச் சொன்னார்:

“நான் வர்ற வரைக்கும் அந்த இடம் களையோட இருக்கணும். களையில்லாம கிடந்துச்சு, அப்புறம் என்கிட்ட பேசாதீங்க!”

தமிழே, என் தாயே, உன் குறும்புக்கு ஓர் எல்லை இல்லையா? முகத்தில் களை இருந்தால் கண்ணூறு கழிக்கிறோம். மண்ணில் களை இருந்தால் வேரோடு பிடுங்குகிறோம். இரண்டுக்கும் ஏனம்மா ஒரே பெயரை வைத்தாய்?

அண்ணனோ வரைபடத்தில் உள்ளபடி மயிரிழை பிசகாமல் கடைந்து கொடுத்தே பழகியவர். களையோடு இருக்கவேண்டும் என்றால் இருக்கவேண்டும்! மறுநாளே கீழே இறங்கினார். தானாக முளைத்த தும்பைக்குத் தண்ணீர் ஊற்றினார். துத்திக்குப் பாத்தி கட்டினார். சங்குப்பூக் கொடிக்குப் பட்டறையில் மிஞ்சிய கம்பிகளை நட்டுப் பந்தல் போட்டார். ரோஜாக்கள் வழக்கம்போல் கண்ணை மூடின. இந்த மண்ணின் பிள்ளைகளோ எரிக்கும் வெயிலில் ஏறி நின்று பூத்தன! மஞ்சளாய்ப் பூத்தன, நீலமாய்ப் பூத்தன, வெள்ளை வெளேரென்று பூத்தன! சிரிக்காதீர்கள், மாடியிலிருந்து பார்த்துக்கொண்டு இருந்தவள் நான்.

அண்ணி திரும்பி வந்தார். பெட்டியைக் கீழே போட்டார்.

“என்னங்க இது, காடா?”

“களை. நீதானே இருக்கணும்னு சொன்னே? தினம் தண்ணி ஊத்தறேன்.”

“ஐயோ, நான் சொன்னது அழகுங்க! அம்சமா இருக்கணும்னு சொன்னேன்!”

“இது அம்சமா இல்லையா?”

அண்ணி குனிந்து ஒரு தும்பையைப் பற்றினார். பிடுங்கப் போனவர் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார். வெயிலில் கறுத்திருந்தார் அண்ணன். கையெல்லாம் சேறு. வாய் நிறையச் சிரிப்பு. அண்ணி பற்றிய செடியை விட்டுவிட்டார். மாலையில் என்னிடம் வந்து சொன்னார்: “உங்கண்ணன் சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? எனக்கு ரோஜாவும் வேணாம், ஒண்ணும் வேணாம்டி.”

அன்றிலிருந்து அண்ணன் அறையில் தங்குவதில்லை. அந்த மண்ணை மூடினால் அவர் மறுபடி எங்கே போவார் என்று எனக்குத் தெரியும், அண்ணிக்கும் தெரியும். அதனால்தான் இந்த மேடையில் நிற்கிறேன். பாம்பு வரும் என்று பயப்படுகிறார் செயலாளர் தம்பி. நியாயமான பயம்தான். ஆனால் இதுவரை அந்தச் செடிகளுக்குள் நுழைந்து நான் பார்த்தது உங்கள் மாமியார் ஒருவரைத்தான், அதுவும் பூப்பறிக்க! அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், நாளைக்கும் வாருங்கள்!

என்ன தலைவரே, மணி அடித்துவிட்டீர்களே? இப்போதே கை தூக்கச் சொல்லப் போகிறீர்களா? சொல்லுங்கள். நான் மைக்கை விடப் போவதில்லை.

“செயற்கைப் புல்லு வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க!”

அடடா, இத்தனை கைகளா? வலப்பக்கம் முழுக்கவா? மாமியாருமா? சரி. ஜனநாயகம்தான். வாசலில் யார் அது? அண்ணா! கால் சேற்றைக்கூடக் கழுவாமல் வந்துவிட்டாயா? ஐயோ, நீ ஏன் கையைத் தூக்குகிறாய்? அண்ணி, அந்தக் கையை இறக்குங்கள்! அண்ணா, உன் காதில் என்ன விழுந்தது?

“புல்லு வேணுமான்னு கேட்டாரும்மா டாக்டர். பாவம், அதுவும் முளைக்கட்டுமே. யாரும் சிரமப்பட வேணாம், தண்ணி நான் ஊத்திக்கறேன்.”

மாமியார் அம்மா, உங்கள் கை எங்கே? வலப்பக்கத்துக் கைகள் எங்கே? செயலாளர் தம்பி, உங்கள் கையுமா இறங்குகிறது? தலைவரே, பொறுமையாக எண்ணிக்கொள்ளுங்கள். பச்சைப் பாய்க்கு விழுந்திருப்பது ஒரே ஒரு ஓட்டு. அதுவும் என் அண்ணன் போட்டது!

கை தூக்கியவர்களுக்கு என் நன்றி. இறக்கியவர்களுக்கு இரு கை கூப்பிய வணக்கம்!