வேலியோரம் குவிந்த கணக்கு

"ஹலோ... ஆமா, நான்தான்... ம்... ம், கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்காங்க, பாத்தேன்... கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், சொல்லு."

கணினி அறையில் வேறு யாருமில்லை. குளிரூட்டியின் இரைச்சலுக்கு மறு காதைப் பொத்திக்கொண்டு நின்றாள் தங்கை. கூப்பிட்டது அண்ணன். துகள் இயற்பியல் கோட்பாட்டில் அவன் பெரிய கை. இவள் அவன் குழுவுக்குப் புள்ளியியல் பார்த்துக் கொடுப்பவள். வருஷா வருஷம் யாராவது மனது வைத்துப் புதுப்பிக்க வேண்டிய வேலை. குழுவில் அவளுக்குப் பெயர் 'கணக்கு'. அது செல்லமா இளக்காரமா என்று அவள் யாரையும் கேட்டதில்லை.

"ஆமா ஆமா, அவங்க கண்டுபிடிச்சது நிஜம்தான். நம்ம தரவுலயும் இருக்கு... இருக்குன்னேன். எல்லையைத் தூக்கிட்டு மறுபடி ஓட்டிப் பாத்தேன். கண்ணு முன்னாடி நிக்குது... இல்ல, யாருக்கும் அனுப்பல... அனுப்பலன்னு சொல்றேன்ல."

நடந்தது இதுதான். அண்ணன் குழு ஒரு புதுத் துகளை வருஷக்கணக்கில் தேடிவிட்டு, அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று ஊரைக் கூட்டி அறிவித்தது. போன வாரம் வேறொரு குழு அதைக் கண்டுபிடித்துத் தொலைத்தது. எங்கே கோட்டை விட்டீர்கள் என்று கேட்க நாளை விசாரணை. கோட்டை விட்ட இடம் இவளுக்குத் தெரியும். பேயஸ் முறை என்கிற புள்ளியியல் கணக்கில், தரவைப் பார்க்கும் முன்பே, துகளின் நிறை எங்கே இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையை எண்ணாக எழுதிவிட வேண்டும். இருக்கவே முடியாது என்று ஓர் இடத்துக்குப் பூஜ்யம் போட்டால் தீர்ந்தது கதை. அப்புறம் எத்தனை சாட்சி வந்து பெருக்கினாலும் அங்கே பூஜ்யம்தான். அந்தப் பாழாய்ப்போன துகள் சரியாகப் பூஜ்யம் போட்ட பக்கத்தில், எல்லையைக் கொஞ்சம் தாண்டி உட்கார்ந்திருந்தது.

"என்ன?... திரும்பச் சொல்லு... எல்லையைப் போட்டது நான்னு சொல்லணுமா?"

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா இல்லையா? கணக்கு பூராவும் அந்த எல்லை வேலியோரமா போய்க் குவியுது, அந்தப் பக்கம் ஏதோ இருக்கு, வேலியைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்னு உன் ரூம் வாசல்ல வந்து நின்னேன். நீ போர்டுலேர்ந்து தலையைத் திருப்பல. அதைத் தாண்டிப் போனா என் சமன்பாடு அசிங்கமாயிடும்னே... ஆமா, அசிங்கம்னுதான் சொன்னே... சரி, கம்ப்யூட்டர்ல தட்டினது நான். தட்டச் சொன்னது யாரு?... ம்... ம்..."

இவ்வளவு நிதானமாகப் பேச வருகிறதே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

"என்னது, எனக்கென்ன போகப்போகுதா?... ஓ. பேருன்னு ஒண்ணு இருந்தாத்தானே கெட்டுப்போகும்... இல்ல இல்ல, அதைத்தான் சொன்னே. பரவால்ல... வேற இடத்துல சேத்து விடுறியா. ரொம்ப சந்தோஷம்... பக்கத்துல யாரு?... அவரை ஏன் இதுல இழுக்குறே? வேணாம், குடுக்காத... அப்பா... நல்லா இருக்கேன்ப்பா... சாப்பிட்டேன்..."

எழுந்து நின்றுவிட்டாள். போனில் பேசினாலும் அப்பா என்றால் அவளுக்கு உட்கார வராது. அண்ணன் முதல் மார்க் வாங்கினால் அது மூளை. இவள் வாங்கினால் கேள்வித்தாள் சுலபம். பள்ளிக்கூடம், கல்லூரி, ஆராய்ச்சிப் பட்டம் என்று எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் அப்பாவிடம் அதே விடைதான். இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் வலித்தது.

"அவன் அப்படிச் சொன்னானா?... அப்பா, அதை நான் பண்ணல... பண்ணலன்னு நான் சொல்றேன்ல. நம்புறீங்களா?... ம்... சரிப்பா... அவன் பெரிய ஆளு, தெரியும்... விட்டுக் குடுக்கணும், அதுவும் தெரியும்... போனை அவன்கிட்ட குடுங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகையை விட ஆத்திரம்தான் அதிகம்.

"முன்னாடியே அவர்கிட்ட ஓதி வச்சுட்டியா... நான் கத்தல. கேளு. நாளைக்குச் சொல்றேன்... ஆமா, நீ கேட்டபடியே. எல்லையைப் போட்டது நான்தான், எங்கண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு... நிஜமாத்தான்... இரு இரு, தேங்க்ஸ் எல்லாம் அப்புறம். ஒண்ணே ஒண்ணு பண்ணு. அப்பா அங்கதானே இருக்காரு? 'வேலியைத் தள்ளிப் போடத்தான் அவ சொன்னா, நான்தான் கேக்கல'ன்னு அவர்கிட்ட சொல்லு. என் காதுல விழுற மாதிரி சொல்லு... ஊருக்கு முன்னாடி பழி என் தலையிலயே இருக்கட்டும். வீட்டுக்குள்ள மட்டும் நிஜத்தைச் சொல்லு... புரியலன்னா புரியாமப் போகட்டும், அவர் காதுல விழுந்தாப் போதும்... ஒரு வரிதானே அண்ணா... ம், லைன்லதான் இருக்கேன். சொல்லு."

மறுமுனையில் அப்பா இருமுவது கேட்டது.

"அண்ணா?... ஹலோ... ஹலோ..."

வைத்துவிட்டிருந்தான்.

அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் நாளைக்கு அவள் பொய் சொல்லியிருப்பாள், சத்தியமாகச் சொல்லியிருப்பாள். திரையில் வேலிக்கு அந்தப் பக்கம் மேடாக நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அதையும், எல்லையைப் போடச் சொன்னது யார் என்பதையும், கூட்டத்துக்கு வருகிற எல்லோருக்கும் அனுப்பினாள். அண்ணனுக்கும் ஒரு பிரதி போனது. அப்பாவுக்கு அனுப்பிப் பிரயோஜனமில்லை என்று அவளுக்குத் தெரியும்.