சித்தியின் புதுக் கண்

இரவு ஒன்றே முக்கால். கல்குவாரிப் பக்கம் திரும்பும் சாலை... விளக்கு கிடையாது, வீடு கிடையாது. கடைசி டிரிப் முடிந்து டிப்போவுக்குப் போகிற காலி பஸ். உள்ளே டிரைவர் மட்டும்.

சிரிக்காதீர்கள். கதவோரம் இருப்பவர் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வாருங்கள். இது என் அறைத்தோழியின் சித்திக்கு நடந்தது.

சித்திதான் அந்த டிரைவர். பதினொரு வருடம் ஸ்டியரிங் பிடித்த கை. கருவிழி கூம்பு மாதிரி புடைத்துக்கொண்டே வந்து, எதிரே வரும் ஒரு விளக்கு ஐந்தாகத் தெரிய ஆரம்பித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தப்புதான், நானும் திட்டினேன். டிப்போவில் வருடாவருடம் கண் பரிசோதனை உண்டு. அட்டையிலிருக்கும் எழுத்துகளை டிரைவர்கள் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். அந்த வருடம் புது டாக்டர், புது அட்டை. சித்தி பழைய அட்டையைக் கடகடவென்று ஒப்பித்தார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

வண்டி பறிபோனது. டிக்கெட் கவுன்ட்டரில் உட்கார வைத்தார்கள். சித்திக்கு அது உயிரோடு புதைத்த மாதிரி.

இடது கண் கண்ணாடியோடு சமாளித்தது. வலது கண்தான் ரொம்ப மோசம். அதன் கருவிழிக்குள் மெல்லிய வில்லை ஒன்றை வைத்தார்கள். ஆறு மாதத்தில் பார்வை பளிச்சென்று வந்தது. இந்த முறை நிஜமாகவே படித்துப் பாஸ் ஆகி, ஸ்டியரிங்கைத் திரும்ப வாங்கினார்.

முதல் இரவே... குவாரி வளைவில் ஒருவன். சொட்டச் சொட்ட நனைந்த சட்டை. மழையே இல்லை. கை காட்டி நிறுத்தச் சொல்கிறான்.

சித்தி வேகத்தைக் குறைத்து, ஆஸ்பத்திரியில் பழகியபடி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடினார். வலது கண்ணை மூடினால்... வெறும் சாலை. இடது கண்ணை மூடினால்... நிற்கிறான். தாண்டும்போது பஸ்ஸின் பக்கவாட்டுத் தகரத்தில் இரண்டு தட்டு. டப்... டப்... ஈரக் கல்தூள் வாசனை.

நான்கு இரவு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். வெளியே சொன்னால் மறுபடியும் கவுன்ட்டர்தான். ஐந்தாம் இரவு கோபம் தலைக்கேறியது. பிரேக் போட்டு ஜன்னலைத் திறந்தார்.

"இங்க பாரு, கண்ணைத் திருப்பிக் கேக்கத்தானே வந்திருக்க? செத்தும் குடுத்த, நல்லா இரு. ஆனா குடுத்தது குடுத்ததுதான். தலைகீழா நின்னாலும் தர மாட்டேன். வழிய விடு!"

அவன் அசையவில்லை. பஸ் கதவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அடுத்த வாரம் செக்கப்பில் சித்தி மெதுவாகக் கேட்டார். "எனக்குக் கண் குடுத்தவர் எப்படிச் செத்தாரு டாக்டர்?"

கண் டாக்டர் சிரித்துவிட்டார். "யாரும் குடுக்கலைம்மா. அது லேப்ல செஞ்சது. நீங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்லயே இருந்துச்சே, படிக்கலையா?"

எப்படிப் படிப்பார்? அந்தப் பொடி எழுத்து அப்போது கண்ணுக்கே தெரியாதே.

சித்தி அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்த்தாராம். கண் யாருடையதும் இல்லை. அப்படியென்றால் அவன் புதிதாக வரவில்லை... பதினொரு வருடமும் அங்கேதான் நின்றிருக்கிறான். இவருக்குத்தான் தெரியவில்லை.

"இடது கண்ணுக்கும் வைக்கறதா இருந்தோமே, அதை வேணும்னா கொஞ்சம் தள்ளிப் போடலாமா?" என்றார் டாக்டர், அவர் முகத்தைப் பார்த்து.

"எதுக்குத் தள்ளணும்? வைங்க. இருக்கறதை எல்லாம் பாத்துக்கிட்டே ஓட்டறேன். எவன் என்னை இறக்கறான்னு பாக்கறேன்."

போன மாதம் அந்தக் காலி வண்டியில் என் தோழியும் போனாள். சித்திக்கு இரண்டு கண்ணும் முடிந்திருந்தது. குவாரி வளைவு. பிரேக். கதவு உஸ்ஸ்... என்று திறந்தது. வெளியே இருட்டைத் தவிர எதுவும் இல்லை.

சித்தி தலைக்கு மேலிருந்த பஸ் கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தார். ஒரு ஆள் ஏறுகிற நேரம் இல்லை அது... ரொம்ப நேரம். பிறகு, டிரைவர்கள் வழக்கமாகப் போடும் அதே அதட்டல்.

"படிக்கட்டுல நிக்காதீங்க! உள்ள போங்க... உள்ள போங்க... அடியேய், நீ கொஞ்சம் தள்ளி உக்காரு. அவர் நிக்கறாரு பாரு."

தோழி ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தாள். டிப்போ வருவதற்குள் அவளுடைய இடது தோள் முழுக்க நனைந்திருந்தது.