குழாயில் நின்ற காற்று

தேத்தண்ணீரைக் குடியுங்கள், மகள். ஆறிவிடும். அப்பா உள்ளே தூங்குகிறார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணயர்வார். அவர் எழும்பும்வரை நாம் ஆறுதலாகக் கதைக்கலாம்.

நேற்று நீங்கள் ஒன்று கேட்டீர்கள். "ஹியூபேட் அங்கிள், நீங்கள் இல்லாமல் அந்தக் காரை ஸ்டார்ட் பண்ணவே மாட்டன் எண்டு அப்பா போனில சொல்லுவார். அண்டைக்கு மட்டும் ஏன் நீங்கள் ஏறேல்ல?"

முழங்கால் நோவு என்றேன். அது உங்களுக்குப் போதவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

உங்கள் அப்பா யோகநாதனை நான் முதலில் கண்டது கொழும்பு பஞ்சிகாவத்தையில், பழைய உதிரிப்பாகக் கடையொன்றின் வாசலில். விபத்தில் நொறுங்கிய ஜப்பான் மோட்டார் சைக்கிள் ஒன்றின் எஞ்சினை வாங்கிவிட்டு, அதை எப்படி வெள்ளவத்தையில் தன் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கொண்டுபோவது என்று தெரியாமல் நின்றார். மூன்றாம் மாடியில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டேன். "கட்டிலுக்குக் கீழ" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு கராஜ் சும்மா கிடக்கிறது என்று நான்தான் சொன்னேன். முச்சக்கர வண்டியில் எஞ்சினை நடுவில் வைத்து, ஆளுக்கொரு பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தோம்.

அதற்கு முந்திய என் நாட்களைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். என் மனைவி கொன்ஸ்ரன்ஸ் செத்துப்போன பிறகு வீட்டில் சத்தம் என்றால் பிரிட்ஜின் சத்தம்தான். பிள்ளைகள் இல்லை. துறைமுக வேர்க்ஷொப்பிலிருந்து ஓய்வுபெற்றவனை யாரும் தேடி வருவதுமில்லை. ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நிற்பவர் கைகொடுப்பார். ஒரு கிழமையில் என்னைத் தொடுகிற கை அது ஒன்றுதான். கொரோனாவுக்குப் பிறகு அதுவும் கும்பிடாகிவிட்டது.

அப்பாவின் கார் சின்னது. இரண்டு பேர் மட்டும் இருக்கலாம். அந்த மோட்டார் சைக்கிள் எஞ்சினை வைத்து, பாகம் பாகமாகச் சேர்த்து நாங்களே பூட்டியது. உடலும் வயரிங்கும் அவர் பொறுப்பு, எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீர் என் பொறுப்பு. மோட்டார் சைக்கிளில் எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் இடையே ஒரு சாண்தான் தூரம். இந்தக் காரில் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். தண்ணீர் காரின் முழு நீளமும் போய்த் திரும்ப வேண்டும். அதற்காக இரண்டு ஆசனங்களுக்கும் நடுவே அலுமினியக் குழாய்கள் போட்டேன். பொருத்துகளில் றப்பர் ஹோஸ், அதை இறுக்கக் கிளிப்.

அப்படியான குழாய் இடையில் மேடேறி இறங்கக் கூடாது. ஏறினால் அந்த மேட்டில் காற்று நின்றுவிடும், தண்ணீர் ஓடாது. குறுக்குச் சட்டத்துக்குக் கீழே விட வேண்டிய குழாயை நான் மேலே விட்டுவிட்டேன். முதலில் அது பிழைதான். அதை நீங்கள் நம்ப வேண்டும்.

ஸ்டார்ட் பண்ணிய முதல் ஞாயிறே எஞ்சின் கொதித்தது. காரின் மூக்கைப் பலகையில் ஏற்றி, மூடியைத் திறந்து, ஹோஸைப் பிசைந்து பிசைந்து காற்றை எடுத்தோம். குமிழி வந்தது. திரும்பவும் கொதித்தது.

"கப்பல் கப்பலாப் பாத்த ஆளுக்கு ஒரு குழாயில தண்ணி ஓடவைக்க ஏலாமக் கிடக்கு" என்று அப்பா பகிடி பண்ணினார். போகும்போது, "சரி அண்ணே, வாற ஞாயிறு பாப்பம்" என்றார்.

பிழை எங்கே என்று அந்தக் கிழமையே கண்டுகொண்டேன். கழற்றித் திருத்த ஒரு காலைப்பொழுது போதும். ஸ்பானரை எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் ஒரு ஞாயிறும் தவறவில்லை. மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவார். நான் பூசை முடிந்து தேத்தண்ணீர் போட்டு வைத்திருப்பேன். பிறகு காற்று எடுப்போம். ஒரே ஹோஸை இரண்டு பேரும் பிசையும்போது கைகள் முட்டும். மழைக்காலம் போய் வெயில் வந்தது, திரும்ப மழை வந்தது. அந்தக் குழாயால் யாருக்கும் ஒரு நட்டமும் இருக்கவில்லை.

அப்பாவைக் கனடாவுக்குக் கூப்பிட நீங்கள் அனுப்பிய ஸ்பொன்சர் சரிவந்த அன்று அப்பா கிராண்ட்பாஸ் ஷரீப்பைக் கூட்டிவந்தார். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிறவர். காரை வாங்கப் பார்க்க வந்தவர் குனிந்த உடனேயே சிரித்தார்.

"அண்ணே, இந்தக் குழாய் என்னத்துக்கு மலையேறி இறங்குது? காத்தெல்லாம் இங்கதானே குந்திட்டு ஈக்கிது."

அன்றைக்கே குழாயை வெட்டிக் கீழால் விட்டார். எஞ்சின் நெடுநேரம் ஓடியும் அளவுக்கு மீறிச் சூடு ஏறவில்லை. அப்பா சின்னப் பிள்ளைபோல் கை தட்டினார்.

"வாற ஞாயிறு ஒருக்கா நீர்கொழும்பு மட்டும் ஓடிப் பாப்பம் அண்ணே. பிறகு ஷரீப்பிட்டக் குடுத்திட்டு நான் வெளிக்கிடுறன். நீங்களும் ஒருக்காக் கனடாப் பக்கம் வாங்கோவன்."

அடுத்த ஒழுங்கைக்குக் கூப்பிடுகிற மாதிரித்தான் சொன்னார். அவரில் எனக்குக் கோபமில்லை.

அந்த ஞாயிறு நான் பூசைக்குப் போகவில்லை. ஆசனங்களுக்கு நடுவில் குழாயை மூடியிருந்த தகட்டைக் கழற்றினேன். தகடு இல்லாவிட்டால் சூடு தங்காது என்று பிறகு அவரிடம் காரணம் சொன்னேன். அவர் வருவதற்கு முதலே, சாரதி ஆசனத்தோடு ஒட்டியிருந்த கிளிப்பைக் கொஞ்சம் தளர்த்தியிருந்தேன். தண்ணீர் ஒழுகும், பயணம் நிற்கும், வாற ஞாயிறு பாப்பம் என்பார். என் எண்ணம் அவ்வளவுதான்.

ஆனால் ஆறியிருக்கும்போது றப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். தண்ணீர் நன்றாகச் சூடாகி அழுத்தம் ஏறினால்தான் விடும். அது எனக்குத் தெரியாது என்று சொன்னால், நான் வேலை செய்த இடத்தில் யாரும் நம்பமாட்டார்கள். நீங்களும் நம்ப வேண்டாம்.

அவரை இருத்தி பெல்ட்டை இறுக்கியதும் நான்தான். தோள் இரண்டையும் இடுப்பையும் பிடிக்கிற பெல்ட். அவசரத்தில் கழற்றுவது கஷ்டம்.

"நீங்கள் ஏறேல்லையோ அண்ணே?"

"முழங்கால் நோவுது. நீங்கள் போயிட்டு வாங்கோ."

கையை ஆட்டிக்கொண்டு போனார். மட்டக்குளிப் பக்கம் றோட்டு வெறிச்சோடிக் கிடந்ததாம். சந்தோஷத்தில் நன்றாக மிதித்திருப்பார்.

ஹோஸ் கழன்று, கொதிதண்ணீர் இடது கை, வயிறு, இடது கால் எல்லாவற்றிலும் பட்டது. அந்தக் காலை வைத்தியர்களால் காப்பாற்ற முடியவில்லை. வீட்டில் பூட்டிய கார்தானே என்று யாரும் அதிகம் விசாரிக்கவில்லை.

இனி மூன்றாம் மாடி ஏற முடியாதென்பதால் அவரை என் முன்னறைக்குக் கொண்டுவந்தேன். சோறு குழைத்துத் தீத்துகிறேன். புண்ணைத் துடைக்கிற தண்ணீரின் சூட்டை என் முழங்கையில் விட்டுப் பார்த்துத்தான் அவருக்குத் தொடுவேன். பின்னேரத்தில் நீர்கொழும்பு பற்றிக் கதைப்பார். எங்களுக்கு இப்போது எல்லா நாளும் ஞாயிறுதான்.

நீங்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லிவிட்டேன். பொலிசுக்குப் போவதென்றால் போங்கள், நான் மறுக்கமாட்டேன். ஆனால் அவரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். காலையில் நீங்கள் வேலைக்குப் போய்விட்டால் கனடாவில் அந்த வீட்டில் அவருக்கு யார் இருக்கிறார்கள்? பிரிட்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பகல் முழுக்கக் கிடப்பார். தனிமை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது, மகள். ஒரு மனிதனுக்கு அந்தக் கொடுமையைச் செய்ய உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?