துண்டு இலவசம்

…பின் வரிசை மெதுவா எந்திரிக்குது. கீழ இலை போட்டுட்டாங்க போல. உக்காருங்க அண்ணாச்சி, சாம்பார் எங்கயும் ஓடிராது. இப்ப நம்ம வியாபாரிகள் சங்கத் தலைவர் ஒரு கேள்வி கேட்டாரு. "வெளியூர்க்காரன் வர்றான், நம்ம தெருக்காரன் நம்ம கடைக்கு வர மாட்டேங்கிறானே, ஏன்?" அதுக்கு என்கிட்ட பதில் கிடையாது. கதைதான் இருக்கு. சின்னதுதான், கேட்டுட்டுப் போயிருங்க.

சங்கரன்கோவில் பக்கம் ஒருத்தர். பேரு சுடலைமுத்து. சென்னையில ஒரு பெரிய கடையில வருஷக்கணக்கா பொட்டலம் மடிச்சவரு. சொந்த ஊருக்கு வந்து, சொந்தத் தெரு முனையில மளிகைக் கடை போட்டாரு. மாடியில வீடு, கீழ கடை. கடைன்னா எப்படி? கண்ணாடிக் கதவு. ஏசி. பளபளன்னு வெள்ளைத் தரை. உள்ள நுழைஞ்சா எதிர்ல ஒரு டிவி. கேமரா பிடிக்கிறதெல்லாம் அதுல ஓடும். வர்றவங்க தலையிலிருந்து கால் வரைக்கும் அதுல தெரிவாங்க.

ரோட்டுல போற கார்க்காரன் எப்பவாவது நிறுத்துவான். தெரு மட்டும் வரல. அந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாம் இவர் கடையைத் தாண்டி, அடுத்த தெருவுல ஆவுடையப்பன் கடைக்குப் போறாங்க. அது என்ன கடை? ஒரு தகரக் கொட்டகை. வாசல்ல நாலு சாக்கு மூட்டை. அவ்வளவுதான்… அங்க அப்படி என்ன இருக்கு?

சுடலைமுத்து விலையைக் குறைச்சுப் பார்த்தாரு. நோட்டீஸ் அடிச்சுப் பார்த்தாரு. ம்ஹூம். தீபாவளி வரைக்கும் ஓட்டுவோம், அதுக்குள்ள தேறலன்னா பொண்டாட்டி பிள்ளையை விட்டுட்டு மறுபடியும் சென்னைக்குப் போயி பழைய முதலாளிகிட்டயே நிக்க வேண்டியதுதான். அதை நினைச்சா அந்த மனுசனுக்குச் சோறு இறங்கல.

ஒருநாள் காலையில, என்னதான் ரகசியம்னு பார்த்துருவோம்னு, ஆவுடையப்பன் கடைக்கு எதிர்ல டீக்கடையில போய் நின்னாரு. பார்க்காரு… அதே பருப்பு. அதே எண்ணெய். விலை கூடத்தான் இருக்கு. ஆவுடையப்பன் ஒருத்தர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூட இல்ல. அப்புறம் ஏன் வர்றாங்க?

உத்துப் பார்த்தாரு. பிடிபட்டுருச்சு. வர்ற பொம்பளைங்க எல்லார் தோள்லயும்… ஒரு துண்டு. பச்சைத் துண்டு, சிவப்புத் துண்டு, பூப்போட்ட துண்டு.

"அட பாவி. துண்டு இலவசமால்லா குடுக்கான்."

மூணாவது வரிசையில ஒரு அக்கா சிரிக்குது. அக்கா, உங்களுக்குப் புரிஞ்சிருச்சு. சொல்லிராதீங்க. ஆம்பளைங்க கொஞ்ச நேரம் முழிக்கட்டும்.

சுடலைமுத்து ஒரு கட்டுத் துண்டை இறக்குனாரு. கடை வாசல்ல பெருசா போர்டு வச்சாரு: "துண்டு இலவசம்." தெரு நின்னு படிச்சுச்சு. படிச்சுட்டு… ஆவுடையப்பன் கடைக்குப் போயிருச்சு.

ரெண்டு நாள் கழிச்சு, காலையில ஷட்டரைத் தூக்கிட்டு நிமிர்றாரு. தெருவுல அவர் பொண்டாட்டி பேச்சிக்கனி வருது. கையில ஒரு தேங்கா.

"எங்கட்டி போயிட்டு வார?"

"…தேங்காய்க்கு."

"ஆவுடையப்பன் கடைக்கா?"

பேச்சிக்கனி தேங்காயைத் தோள்ல கெடந்த துண்டுக்குள்ள மறைச்சுது.

"இங்க தேங்கா குமிஞ்சு கெடக்கு. கட்டுன பொண்டாட்டியே அவன் கடைக்குப் போனா, நான் யாருக்குட்டி கடை தொறந்து வச்சிருக்கேன்?"

"மெதுவா பேசுங்க. அடுப்புல வதக்கிப் போட்டுட்டு வந்திருக்கேன். என்னைப் பாருங்க, நைட்டியில நிக்கேன். இந்தக் கோலத்துல உங்க கடைக்குள்ள எப்படி வர? அன்னைக்கு ஒருநாள் வந்தேன். நேரா பார்த்தா டிவியில நானே நிக்கேன், பரட்டைத் தலையும் நைட்டியுமா. ஓடியே வந்துட்டேன். சேலை கட்டிட்டு வாரதுக்குள்ள சட்டினி கருகிரும். அங்கன்னா தெருவுல நின்னபடியே கையை நீட்டி வாங்கிட்டு வந்துருதேன்."

"அப்ப… அந்தத் துண்டு?"

"நைட்டி மேல துண்டு போடாம எவ தெருவுல இறங்குவா?"

அவருக்கு அப்பதான் உறைச்சுது. "இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"ஆசை ஆசையா கட்டுன கடை. அதைப் போய்க் குறை சொல்ல எனக்கு மனசு வரல."

அந்த வாரமே தெருப் பக்கச் சுவத்துல ஒரு ஜன்னல் வெட்டுனாரு. ஒரு பலகை போட்டாரு. தக்காளி, கருவேப்பிலை, பால் எல்லாம் ஜன்னலுக்கு வந்துச்சு. கண்ணாடிக் கதவு கார்க்காரனுக்கு இருக்கட்டும்னு விட்டுட்டாரு. டிவியை மட்டும் கல்லாப் பக்கம் திருப்பி வச்சாரு. மறுநாள் காலையில எதிர் வீட்டம்மா, தோள்ல துண்டோட, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்துட்டு வந்து நின்னுச்சு. "அண்ணாச்சி… ரவை கால் கிலோ." தீபாவளிக்கு அந்த ஜன்னல்ல மாவுக்கும் எண்ணெய்க்கும் கூட்டம். சென்னைக்கு அவர் போகவே இல்ல.

இப்ப சொல்லுங்க… நாம யாருக்குக் கடை கட்டுறோம்? வெளியூர் ஆளு உடுத்திக்கிட்டு வருவான். நம்ம தெரு ஆளு உடுத்தினபடி வருவான். அவன் வரலன்னா உடனே விலையா, சரக்கா, எதிர்க்கடைக்காரன் சூழ்ச்சியான்னு மண்டையை உடைச்சுக்கிறோம். கூச்சமா இருக்குமோன்னு ஒருநாளாவது யோசிச்சோமா? விலை கூடன்னா சண்டை போட்டாவது சொல்லிருவாங்க. கூச்சத்தை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. நாமதான் தேடிக் கண்டுபிடிக்கணும்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் உங்க வீட்டம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க. "அவசரத்துக்கு நீ எந்தக் கடைக்குப் போற?" கோவமா கேக்காதீங்க, தெரிஞ்சுக்கிறதுக்காகக் கேளுங்க. பதில் சொல்லாம அவங்க அடுப்படிக்குள்ள போயிட்டாங்கன்னா… நாளைக்குக் காலையில கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி, தெருவுல நின்னு உங்க வாசலை ஒரு தடவை பாருங்க.