சிவப்பு டார்ச் என் கையில் இருந்தது

என் பெயரும் வயதும் முதல் பக்கத்தில் எழுதியாகிவிட்டது. அச்சகத்துக்கு மேல்மாடியில் குடியிருந்து தையல் வேலை செய்கிறேன். எங்கள் வட்டார நாடகக் குழுவில் உடை தைப்பதும், மேடையோரம் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் பொறுப்பு. இறந்துபோன டயர்க்கடைக்காரர்தான் எங்கள் கதாநாயகர். நீங்கள் நேற்றிலிருந்து இந்தக் காவல் நிலையத்தில் உட்கார வைத்திருப்பவர் அவருடைய தம்பி, திரை இழுப்பவர். அண்ணன் துடித்தபோது தம்பி வேண்டுமென்றே திரையை இறக்காமல் நின்றார் என்று அண்ணனின் மனைவி புகார் கொடுத்ததாகக் கேள்விப்பட்டு, யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

போன நாடகத்தில் அண்ணன் ஓரிடத்தில் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினார். அது நடிப்பு. வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துத் தம்பி திரையை இறக்கிவிட்டார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதன் பிறகு எல்லார் முன்னாலும் அண்ணன் தம்பியைக் கன்னத்தில் அறைந்தார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை என்பது உண்மைதான்.

அதன் பிறகு இந்த நாடகத்துக்கு வேலை பிரிக்கக் கூட்டம் போட்டோம். எங்கள் குழுவில் ஆள் குறைவு, வாய் அதிகம். யார் சொன்னால் திரை இறங்க வேண்டும் என்பதில்தான் பெரிய சண்டை. அந்த அதிகாரத்தை மல்லுக்கு நின்று வாங்கிக்கொண்டவள் நான். சிவப்புக் காகிதம் ஒட்டிய டார்ச்சை நான் தூக்கினால் ஒழிய யாரும் கயிற்றைத் தொடக் கூடாது என்று முடிவானது. தம்பி என்னிடம், "இனிமே மேடையே தீப்பிடிச்சாலும் நீங்க லைட்டைக் காட்டாம நான் கயித்துல கை வைக்க மாட்டேன்க்கா" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

சம்பவத்தன்று கடைசிக் காட்சியில், மகளுக்குப் புத்தி சொல்லும் இடத்தில், அண்ணன் பாதியில் நிறுத்தினார். ஒத்திகையிலும் அவர் தடுமாறும் இடம் அது. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். வசனம் மறந்தால் அவர் கூரையைப் பார்ப்பாரே தவிர ஆளைப் பார்க்க மாட்டார். அது தெரிந்திருந்தும் நான் அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தேன். அவர் "ஒரு நிமிஷம்" என்று முனகினார். வசனத்தில் இல்லாததைச் சேர்க்கிறாரே என்று எனக்கு எரிச்சல் வந்தது. அதே வரியை உரக்கக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிப் பாதி சொன்னார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தையல் விட்டுவிடுமோ என்றுதான் நான் கவலைப்பட்டேன்.

அதன் பிறகு, எதிர்ப்பக்கம் கயிற்றருகே நின்ற தம்பி, இறக்கட்டுமா என்று என்னிடம் சைகையில் கேட்டார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மறுபடியும் கேட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் வேண்டாம் என்றேன். அதன் பிறகு அண்ணன் நாற்காலியோடு சரிந்தார். கூட்டம் கை தட்டியது. மகளாக நடித்த பெண் அலறிய பிறகுதான் நான் டார்ச்சைத் தூக்கினேன். திரை தரையைத் தொடும் முன்பே தம்பி ஓடிவந்து அண்ணன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "அண்ணே, என்கிட்ட பேசுண்ணே" என்றார்.

நான் சொன்னதை எழுதி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். மேடையோரம் இருட்டாக இருந்ததால் தம்பி கேட்டது எனக்குச் சரியாகத் தெரிந்திருக்காது என்று ஒரு வரி இருந்தது. எழுதியவர் என்மேல் இரக்கப்பட்டிருக்கிறார். அதை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெளிச்சம் தம்பி முகத்தில் விழுந்தது, நன்றாகத் தெரிந்தது. மற்றதெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அதுதான். கையெழுத்தும் என்னுடையதே. நாளைக் காலை அண்ணனை எடுக்கிறார்கள். தூக்குவதற்குத் தம்பியை அனுப்பிவிடுங்கள்.

(ஒப்பம்)